'அப்புறம் மாத்திக்கலாம்': சேர்க்கை மேசையில் உட்காரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கைக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்திலிருந்து கடையில் நிற்க இடம் இருக்காது. அரசுக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலினப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று கேட்டால் பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள். "நீங்களே பாத்துப் போடுங்கண்ணா" என்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். வெளியே வரிசை நீளமாக நிற்கிறதே என்று யோசிக்காமல் கிளிக் செய்த வருஷங்களும் உண்டு. அதனால் இந்த மடலில் குறை சொல்லும் இடங்களில் எல்லாம் என்னையும் சேர்த்தே வாசியுங்கள்.

நான் எழுத வந்தது ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி.

போன வருஷம் ஒரு தக்காளி வியாபாரி தன் மகளோடு கலந்தாய்வுக்குப் போகும்போது துணைக்கு என்னையும் கூப்பிட்டார். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். காலை 8 மணிக்கே போய்விட்டோம். வேப்பமரத்தடியில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டு உள்ளே போகும்போது மணி 1 ஆகியிருந்தது. பாப்பா பயாலஜி மேத்ஸ் குரூப். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று நின்றது. அது முதல் மணி நேரத்திலேயே முடிந்துவிட்டதாம். மேசையில் இருந்த ஆசிரியர் தன்மையான மனிதர். "கெமிஸ்ட்ரியில 4 சீட் இருக்கும்மா, எடுத்துக்க. இப்போதைக்கு சேர்ந்துடு, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தது. அப்பா ஆசிரியரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மொத்தமே இரண்டு நிமிஷம். பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தது நான்தான்.

வெளியே வந்ததும் அப்பா என்னிடம் கேட்டார்: "அப்புறம்னா எப்பங்க?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்ததை வைத்துப் பிறகு யோசித்தேன். ஒரே கல்லூரிக்குள் துறை மாற வேண்டும் என்றால் அந்தத் துறையில் காலியிடம் இருக்க வேண்டும். அதுவும் சேர்ந்த சில வாரங்களுக்குள், பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்னால் முடிய வேண்டும். முதல் செமஸ்டர் எழுதியாகிவிட்டால் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், மாற்றுவது என்பது பெரும்பாலும் மறுபடி முதல் வருஷத்தில் போய் உட்காருவதுதான். ஆக அந்த 'அப்புறம்' கல்லூரி திறந்த முதல் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் அதை மூன்று வருஷம் நீளும் ஒரு வாக்குறுதி என்று நினைத்துக்கொண்டு முதல் மாதத்தில் புது பஸ் பாஸ், புது நோட்டு என்று அலைகிறார்கள். கதவு சாத்தியது தெரிவதில்லை.

சரி, மேஜர் மாறாது. அதே மேஜரோடு வேறு கல்லூரிக்குப் போகலாம் அல்லவா? போகலாம். இரண்டு கல்லூரி முதல்வர்களும் சம்மதித்து, அங்கே காலியிடமும் இருந்தால் இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போனதும் முதல் வருஷத்தில் என்ன படித்தோம் என்பது தராசில் ஏறும். இங்கேதான் அலைடு என்ற ஒன்று வருகிறது, மேஜருக்குத் துணையாகப் படிக்கும் இன்னொரு பாடம். புதிய பாடத்திட்டத் தாளில் எலெக்டிவ் என்று அச்சாகியிருந்தாலும் வகுப்பில் எல்லோரும் இன்னும் அலைடு என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம் மேஜர் பெயர்தான். "என் பொண்ணு கெமிஸ்ட்ரி படிக்குது." ஆனால் முதல் வருஷத்தில் அந்தப் பெண் உண்மையில் படிப்பது தமிழ், ஆங்கிலம், மேஜரில் இரண்டொரு தாள், அலைடில் ஒரு பாடம், அப்புறம் பகுதி 4-இல் வரும் சின்னச் சின்னத் தாள்கள். எண்ணிப் பார்த்தால் கெமிஸ்ட்ரி பாதிகூட வராது. மாறிப் போகும்போது கூடவே வருவது எது, இங்கேயே கிடந்துவிடுவது எது என்று பார்த்தால், மேஜர் எப்படியோ ஒத்துப்போய்விடும். தகராறு செய்வது எப்போதும் அலைடுதான்.

என் அக்கா மகள் கதையைச் சொல்கிறேன். அவளும் கெமிஸ்ட்ரிதான், அவளும் பயாலஜி மேத்ஸ்தான். சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் ஒரு சுற்று வந்ததாம்: அலைடு மேத்ஸ் எடுப்பவர்கள் கை தூக்குங்கள், ஸுவாலஜி எடுப்பவர்கள் கை தூக்குங்கள். பக்கத்தில் இருந்த தோழி ஸுவாலஜிக்குத் தூக்கினாள், இவளும் தூக்கிவிட்டாள். மேத்ஸில் அரியர் விழும் என்று சீனியர் யாரோ பயமுறுத்தியும் வைத்திருந்தார்கள். கை தூக்க எடுத்துக்கொண்டது ஐந்து விநாடி. அந்த வருஷமே அக்கா வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பேசிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குடும்பம் போனால் இவளும் போக வேண்டியதுதான். கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வருஷம் முடிந்தது, குடும்பம் போனது. அங்கே ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இரண்டாம் வருஷ கெமிஸ்ட்ரியில் இடம் தருகிறோம் என்றார்கள். இரண்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும், முத்திரை வைத்த பாடத்திட்ட நகலும் கேட்டார்கள். நகல் எடுக்க என் கடைக்குத்தான் வந்தாள். கண்ணாடி மேசையில் இடப்பக்கம் அவளுடைய மதிப்பெண் பட்டியலையும், வலப்பக்கம் அந்தக் கல்லூரி தளத்திலிருந்து நான் எடுத்த பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தோம்.

தமிழ் ஒன்று, தமிழ் இரண்டு: டிக். ஆங்கிலம் இரண்டும் டிக். பொது வேதியியல் முதல் தாள் டிக். இரண்டாம் தாளில் அலகுகள் முன்பின்னாக இருந்தன, ஆனாலும் ஒத்துக்கொள்வார்கள் என்று டிக் போட்டோம், பின்னால் ஒத்துக்கொண்டார்கள். செய்முறை டிக். அடுத்த வரி அலைடு ஸுவாலஜி, முதல் செமஸ்டர் 78, இரண்டாம் செமஸ்டர் 81. வலப்பக்கம் தேடினோம். கெமிஸ்ட்ரிக்கு அங்கே முதல் வருஷம் மேத்ஸ், இரண்டாம் வருஷம் பிசிக்ஸ். ஸுவாலஜி என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, இது நான் எடுத்ததிலேயே அதிக மார்க்" என்றாள்.

மேத்ஸ் முதல் தாளும் இரண்டாம் தாளும் பாக்கித் தாளாக எழுத வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் விதி அது. இரண்டாம் வருஷப் பாடங்களோடு சேர்த்து, ஒரு வருஷமாகத் தொடாத கணக்கைத் தனியாக, வகுப்பு இல்லாமல் படித்தாள். வெளித்தேர்வு 75-க்கு முதல் தடவை வந்தது 19. ஐந்தாவது செமஸ்டரில்தான் தீர்த்தாள். அதற்குள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனி, நிலுவைத் தாள் இல்லாதவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டது. கை தூக்கிய அன்று யாராவது ஒருவர், "இங்கேயே மூன்று வருஷமும் படிக்கப் போறியா, வேற ஊருக்குப் போற மாதிரி இருக்கா?" என்று கேட்டிருந்தால் போதும். மேத்ஸ் எடுத்திருப்பாள்.

இது அவளுக்கு மட்டும் நடந்ததல்ல. ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் மாணவனுக்கு முதல் வருஷம் மேத்ஸ், இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரி. இன்னொரு கல்லூரியில் அதுவே தலைகீழ். இடையில் மாறுகிறவன் ஒன்றை இரண்டு தடவை பார்ப்பான், இன்னொன்றைப் பார்க்கவே மாட்டான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தாலும் பாடத்திட்டம் அவர்களே போட்டுக்கொள்வது. எங்கள் காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கச் சென்னைப் பல்கலைக்கழகம். 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் அதன் கீழ் வந்தன. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் பாரதியார் பல்கலைக்கழகம். சேலம் போகும் வழியிலுள்ள தொப்பூர்க் கணவாயைத் தாண்டுவதும் பல்கலைக்கழகத்தைத் தாண்டுவதும் ஒன்றல்ல என்று நான் பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொல்வதுண்டு. சேலத்துக்குப் போனால் தப்பித்தாய், ஈரோட்டுக்குப் போனாலே பாடத்திட்டத்தை எடுத்துப் பார்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-இல் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்குமாக மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதைப் பற்றி உங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. எனக்கு அதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: இனி மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் என் மேசையில் விரித்து வைக்கும் வேலை இருக்காது என்று. வேலை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

பிள்ளைகள் இப்போது இன்னொரு நம்பிக்கையோடு வருகிறார்கள். ஏ.பி.சி. ஐ.டி. டிஜிலாக்கரில் போய் ஆதாரைக் கொடுத்தால் 12 இலக்க எண் ஒன்று வரும், நானே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி அது. தேறிய தாள்களுக்குக் கிடைக்கும் புள்ளிதான் கிரெடிட், அது அதில் சேர்ந்துகொண்டே இருக்கும், 7 வருஷம் வரை செல்லும் என்கிறார்கள். "அப்ப எந்த காலேஜுக்கு வேணா மாறிக்கலாம் இல்லண்ணா?" என்று கேட்கிறான் பையன். வங்கிக் கணக்கில் பணம் இருப்பது வேறு, கடைக்காரன் அந்த நோட்டை வாங்கிக்கொள்வது வேறு. போய்ச் சேரும் கல்லூரி ஏற்றால்தான் கிரெடிட். மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பில் இரண்டாம் செமஸ்டர் முடிவில் அதே பெரும்பிரிவுக்குள் மேஜர் மாறலாம் என்று எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் அரசுக் கல்லூரிகள் அந்த முறையில் நடக்கவில்லை. யூடியூபில் வடநாட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கே வந்து நிற்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்வது? நான் சொன்னால் "உங்களுக்கு எப்படித் தெரியும்" என்கிறார்கள். நியாயம்தான். நான் பி.ஏ. வரலாறு.

இன்னொரு வகைப் பிள்ளைகள் உண்டு. பி.எஸ்சி.யை பஸ் ஸ்டாண்டு மாதிரி நினைப்பவர்கள். பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் போன ஆண்டு கணிதத்தில் சேர்ந்தான். "சும்மா ஒரு வருஷம் வேஸ்ட் ஆகக் கூடாதுன்னு சேர்ந்திருக்கேன், அடுத்த வருஷம் இன்ஜினியரிங் போயிடுவேன்" என்றான். அவன் அப்பா புளி வியாபாரம். அவர் முன்னாலேயே ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கு மறு வருஷமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. பிளஸ் டூ மார்க் அப்படியேதான் இருக்கும். பி.எஸ்சி.யில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்த 200-இல் ஒரு புள்ளிகூட ஏறாது. நீட் எழுதுகிறவன் மறுபடி எழுதி மார்க்கை ஏற்றலாம், அவன் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. இவன் எதற்குக் காத்திருக்கிறான்? சரி, அப்படியே கிடைத்தாலும் 1 வருஷமும் 4 வருஷமும் 5. பி.எஸ்சி.யை முடித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர்ந்தால் 3-உம் 3-உம் 6. அதற்கு பிளஸ் டூவில் கணிதம் இருந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்து, 2 வருஷத்தில் டிப்ளமா வாங்கி, அதிலிருந்து நேரடி இரண்டாம் ஆண்டு பொறியியல் போனால் 2-உம் 3-உம் 5, நடுவில் கையில் ஒரு டிப்ளமாவும் இருக்கும். அப்பா அந்தப் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையன் பி.எஸ்சி. கணிதத்திலேயே இருக்கிறான். இப்போது அது பிடித்திருக்கிறது என்கிறான். இருக்கட்டும். ஆனால் இந்தக் கணக்கு உங்கள் மேசையிலேயே அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. ஒரு பில்லின் பின்பக்கம் போதும்.

நல்ல கதையும் ஒன்று இருக்கிறது. காரிமங்கலம் பக்கத்துப் பெண். நர்சிங் கிடைக்காமல் தாவரவியலில் சேர்ந்தது. அலைடு எடுக்கும் நாளில் ஒரு விரிவுரையாளர் அம்மா, மணிக்கணக்குச் சம்பளத்தில் இருந்தவர், வகுப்பு முடிந்து போகிற போக்கில் அந்தப் பெண்ணை நிறுத்திச் சொன்னாராம்: "நீ லேப் பக்கம் போகணும்னு சொன்னியே, அப்ப கெமிஸ்ட்ரியை விட்டுடாதே." தாவரவியலோ விலங்கியலோ படித்து, அலைடில் வேதியியல் இருந்தால் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரிக்குப் பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கலாம். அந்தப் பெண் இப்போது அதைத்தான் படிக்கிறது. பட்டத்தின் பெயர் மாறிவிட்டது, ஒரு வருஷம்கூட வீணாகவில்லை. நர்சிங் விண்ணப்பம் போட வந்தபோது என் கடையில் அழுத பிள்ளை. போன மாதம் வந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு, 40 ரூபாய்க்கு 50 ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்று போனது.

மாறுவது என்றால் நடு வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். மூன்று வருஷம் முடித்துவிட்டுத் திசை மாறுவதுதான் நம் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகிற வழி. அதற்கான திறவுகோல்தான் முதல் வருஷத்தில் கிடக்கிறது. எம்.எஸ்சி. பிசிக்ஸ் போக வேண்டும் என்றால் அலைடில் கணிதம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. எம்.சி.ஏ.வுக்கு எந்தப் பட்டமாக இருந்தாலும் பிளஸ் டூவிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன. பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் வந்த பிள்ளைக்குக் கல்லூரியில் கிடைக்கும் ஒரு கணிதத் தாள் எவ்வளவு பெரிய சொத்து! அதைக் கஷ்டம் என்று தள்ளிவிட்டு, மூன்று வருஷம் கழித்து என் கடையில் எம்.சி.ஏ. விண்ணப்பத்தின் தகுதிப் பக்கத்தைப் பார்த்து உதட்டைக் கடிக்கிறார்கள்.

இன்னொன்று. "அலைடுதானே, பாஸ் ஆனா போதும்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். பகுதி 3-இல் மேஜரும் அலைடும் சேர்ந்துதான் வகுப்பு கணக்கிடுகிறார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பட்டத்தில் அச்சாவது அதை வைத்துத்தான். அக்கா மகளுக்கு 19 விழுந்த இடம் அது.

வாத்தியார் வேலைக்குப் போகிற எண்ணம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் எச்சரிக்கை வேறு திசையில். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மேஜர் தாண்டிப் போனவர்கள் எந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணை என்ற அரசாணைகளைத் தேடிக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்து, ஒன்றைக் கடை வாசலில் விளையாட விட்டுவிட்டு பி.டி.எஃப். பி.டி.எஃப்.ஆகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு 18 வயதில் இதை யாரும் சொல்லவில்லை.

ஓசூர்ப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரிந்தவர்கள் கூப்பிடுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பிள்ளைகள் பெங்களூரைப் பார்த்துக்கொண்டு படிக்கிறார்கள். ஒரு வருஷம் இங்கே, அப்புறம் அங்கே மாறிவிடலாம் என்று கணக்கு. கர்நாடகத்தில் பி.எஸ்சி. என்றால் பழைய வழக்கமே வேறு: பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றையும் சரிசமமாகப் படிப்பார்கள், இல்லை கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஸுவாலஜி. நம் ஊர் மாதிரி ஒரு மேஜர், பக்கத்தில் ஒரு அலைடு என்ற ஏற்பாடு இல்லை. நடுவில் 2021-இல் நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்து, 2024-இல் மறுபடி மூன்றாண்டுக்கே திரும்பினார்கள். நம் முதல் வருஷக் கெமிஸ்ட்ரி மாணவன் அங்கே இரண்டாம் வருஷத்தில் நுழையப் போனால் மூன்றில் ஒன்றரைப் பாடம்தான் கையில் இருக்கும். மொழித்தாளும் உதைக்கும். இங்கே பகுதி 1-இல் தமிழ் படித்தவனுக்கு அங்கே அந்தக் கல்லூரியில் தமிழ் இருந்தால் சரி, இல்லையென்றால் புதிதாக ஒரு மொழி. கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டித்தான் படிக்க வேண்டும் என்றால் முதல் நாளே அங்கே சேர்வது மேல். வீட்டு வாடகை கணக்கைத் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். தரவரிசை, இனச் சுழற்சி, சான்றிதழ் சரிபார்ப்பு, சர்வர் வேறு நின்று போகும். சீட் காலியாக இருந்தால் மேலிடத்தில் கேள்வி. கௌரவ விரிவுரையாளர்கள் பலருக்கு அடுத்த மாதச் சம்பளமே எப்போது வரும் என்று தெரியாத நிலை. இந்த நெருக்கடியில் ஒரு பிள்ளை கண் கலங்கி நின்றால், 'அப்புறம் மாத்திக்கலாம்' என்ற வாக்கியம் இரக்கத்தில்தான் வருகிறது. யாரும் ஏமாற்றச் சொல்வதில்லை. நானும் அதே இரக்கத்தில் அதையே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த இரக்கத்துக்கு இன்னொருவரும் விலை கொடுக்கிறார். மாறிவிடலாம் என்று சேர்ந்து, நான்கு மாதத்தில் நின்றுவிடும் பிள்ளையின் இடம் அந்த வகுப்பு முடியும் வரை காலி. மெயின் லிஸ்ட்டுக்குக் கீழே ஒரு பையன் உண்மையிலேயே கெமிஸ்ட்ரி கேட்டு நின்றிருப்பான். அவன் இந்நேரம் ஓசூரில் ஏதாவது கம்பெனிக்கு கான்ட்ராக்ட் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பான். காலை 5 மணிக்கு அந்த பஸ்கள் என் கடையைத் தாண்டித்தான் போகின்றன.

நான் கேட்பது ஒரு தாள். ஏ4, ஒரு பக்கம், தமிழில். உங்கள் கல்லூரியில் உள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் வருஷம் என்ன அலைடு, இரண்டாம் வருஷம் என்ன, எதில் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது, எதில் இல்லை. அதைப் படித்தால் மூன்று வருஷம் கழித்து எந்தெந்தப் பக்கம் திரும்பலாம். துறை மாற்றம் கேட்கக் கடைசித் தேதி எது, யாரிடம் கேட்க வேண்டும். மாற வழியே இல்லை என்றால் 'மாற முடியாது' என்றே அச்சடித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். அதைக் கலந்தாய்வு அறைக்குள் வைக்க வேண்டாம். உள்ளே வந்த பிறகு யாருக்கும் கண் தெரியாது. வேப்பமரத்தில் ஒட்டுங்கள். 8 மணியிலிருந்து 1 மணி வரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம், படிக்க வேறு ஒன்றும் இல்லை.

முடிந்தால் அந்த மரத்தடியில் உங்கள் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். உங்களிடம் கேட்கத் தயங்குவதை அக்காவிடம் கேட்பார்கள். "மேத்ஸ் அலைடு நெஜமாவே கஷ்டமாக்கா?" என்ற கேள்விக்கு ஒரு பேராசிரியர் சொல்லும் பதிலை யாரும் நம்புவதில்லை.

அலைடு தேர்வைக் கை தூக்கச் சொல்லி முடிக்காதீர்கள். படிவம் கொடுத்து ஒரு ராத்திரி வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த ராத்திரியில் சில வீடுகளில் ஒன்றும் நடக்காது. சில வீடுகளில் அப்பா யாருக்காவது போன் போடுவார். அந்த போன் பெரும்பாலும் எனக்கு வரும், தாள் கையில் இருந்தால் நான் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

போகிறேன் என்று வரும் பிள்ளைக்கு டி.சி.யை இழுத்தடிக்காதீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிக்கொள்கிறேன். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. முத்திரை வைத்த பாடத்திட்ட நகலைக் கேட்டால் அன்றே கொடுத்துவிடுங்கள். அக்கா மகள் அதற்கு மட்டும் மூன்று தடவை பஸ் ஏறினாள்.

அந்தத் தக்காளி வியாபாரியின் மகள் கெமிஸ்ட்ரியில்தான் இருக்கிறது. துறை மாற்றக் கடைசித் தேதி எப்போது போனது என்று அதற்கு இன்றுவரை தெரியாது. அலைடு மட்டும் மேத்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் ஆசை இன்னும் இருக்கிறதாம்.

தாளை நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும், பிரதி எடுக்கும் செலவு என்னுடையது. ஒரு கல்லூரிக்கு 200 பிரதி வரை கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தருகிறேன். சித்திரை பிறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள், ரிசல்ட் வந்துவிட்டால் என் மெஷின் என் பேச்சைக் கேட்காது. கலரில் வேண்டும் என்றால் மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், டோனர் சேலத்திலிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்